நெருப்பை மூடச் சொன்ன சொல்

2020 ஒக்டோபர் 14, புதன்கிழமை இரவு. பரிஸில் நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் வெங்காய சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகு, உப்புப் போத்தல்கள் இருக்கும் தட்டில் யாரோ கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் ஜனாதிபதி மக்ரோன் பேசிக்கொண்டிருந்தார். வருகிற சனிக்கிழமை முதல் பரிஸ் பகுதியிலும் இன்னும் எட்டுப் பெருநகரங்களிலும் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை யாரும் வெளியே வரக் கூடாது என்றார். அதற்கு அவர் சொன்ன சொல் 'கூவ்ர்-ஃபெ'. அதே நேரம் எங்கள் செஃப் என் பக்கம் திரும்பி, சூப் சட்டியைக் காட்டி, 'கூவ்ர்!' என்றார். மூடு என்று அர்த்தம்.

மூடியைக் கையில் எடுத்தேன். சட்டியில் வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

பதினெட்டு வருடமாகக் குசினி வேலை. இந்த இரண்டு சொற்களையும் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்பேன். 'கூவ்ர்' என்றால் மூடு. 'ஃபெ' என்றால் நெருப்பு. உதட்டை 'ஒ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு 'எ' சொல்ல முயன்றால் அந்த ஒலி வரும். மெல்லிய நெருப்பு, பெரிய நெருப்பு, நெருப்பிலிருந்து இறக்கு என்று எல்லாவற்றிலும் அந்த 'ஃபெ' இருக்கும். இரண்டையும் ஒட்டினால் 'நெருப்பை மூடு'. வீட்டைவிட்டு வெளியே வராதே என்று சொல்வதற்கு ஏன் நெருப்பை மூடச் சொல்கிறார்கள்?

கூவ்ர்-ஃபெ, கூவ்ர்-ஃபெ என்று வாய்க்குள் வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவையிலோ நாலாவது தடவையிலோ அது வேறொரு சொல்லாகிவிட்டது. கேர்ஃபியூ.

கேர்ஃபியூவை நான் ஒருநாளும் ஆங்கிலச் சொல்லாக நினைத்ததில்லை. யாழ்ப்பாணத்தில் எண்பதுகளில் வளர்ந்த எங்களுக்கு அது ஊர்ச் சொல். 'கேர்ஃபியூ போட்டாச்சு', 'கேர்ஃபியூ எடுத்தாச்சு', 'கேர்ஃபியூ முடியக் கடைக்குப் போ' என்று மழையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவோம். வானொலியில் ஊரடங்குச் சட்டம் என்பார்கள், வீட்டில் கேர்ஃபியூ என்போம். அந்தச் சொல்லுக்குள் ஒரு அடுப்பு இருக்கிறது என்பது நாற்பத்திரண்டு வயதில், இன்னொரு நாட்டின் குசினியில், கையில் ஒரு மூடியோடு நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று இரவு தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. கிடைத்தவரைக்கும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சொல்லின் வழி இப்படிப் போகிறது. லத்தீனில் 'ஓபெரிரே' என்றால் மூடுதல். அதன் முன்னால் 'கோ' சேர்ந்து 'கோஓபெரிரே' ஆனால் முழுக்க மூடுதல். நூற்றாண்டுகளாகப் பிரான்ஸ் மண்ணில் புழங்கித் தேய்ந்து அது 'கூவ்ரிர்' ஆகியது. ஆங்கிலத்தின் 'கவர்' அதன் பிள்ளை. உணவகத்தில் 'இன்றைக்கு எத்தனை கூவேர்?' என்று கேட்பார்கள். எத்தனை பேருக்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று பொருள். அதுவும் இதே வினையிலிருந்து வந்ததுதான்.

கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் ஹாண்ட்கேர்ச்சீஃப் என்கிறார்களே, அதற்குள்ளும் இந்தக் கூவ்ர் ஒளிந்திருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'கூவ்ர்-செஃப்' என்றால் தலையை மூடும் துணி. செஃப் என்றால் தலை. லத்தீனின் 'கபுட்' அப்படி ஆனது. அது ஆங்கிலத்தில் கேர்ச்சீஃப் ஆகி, பிறகு கையில் வைத்திருக்கும் கேர்ச்சீஃப் ஆகியது. கை, மூடு, தலை என்று மூன்றும் ஒரு துண்டுத் துணியில் வந்து சேர்ந்திருக்கின்றன. குசினிக்குத் தலைவராக நின்று எனக்கு மூடச் சொல்கிறவரும் அதே செஃப்தான். கேர்ச்சீஃபில் கூவ்ர் எப்படிக் 'கேர்' ஆனதோ, கேர்ஃபியூவிலும் அப்படியே ஆகியிருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் பிடித்து வைத்தது அடுத்த பாதி, அந்த 'ஃபெ'.

லத்தீனில் நெருப்புக்குச் சரியான சொல் 'இக்னிஸ்'. நம்முடைய காதுக்கு அது புதிதல்ல, சமஸ்கிருத அக்னியும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. அப்படியென்றால் பிரெஞ்சில் நெருப்பு இக்னிஸிலிருந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'ஃபோக்குஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஃபோக்குஸ் என்றால் நெருப்பே அல்ல, அடுப்பு. வீட்டின் நடுவே இருக்கும் அடுப்படி, குடும்பம் சுற்றியிருந்து குளிர்காய்ந்து, குலதெய்வத்துக்குப் படையல் வைக்கிற இடம். ரோமர்கள் உயிரைக் கொடுத்துக் காக்க வேண்டியவற்றைச் சொல்லும்போது பலிபீடங்களையும் அடுப்புகளையும் சேர்த்தே சொன்னார்கள்.

எழுத்து லத்தீனில் இக்னிஸ் இருந்தது. வீட்டில் பேசிய சனங்கள் நெருப்பையும் அடுப்பின் பெயராலேயே சொன்னார்கள். வீட்டு லத்தீன்தான் கடைசியில் பிழைத்தது. பிரெஞ்சின் ஃபெ, ஸ்பானியத்தின் ஃபுவேகோ, இத்தாலியத்தின் ஃபுவோக்கோ, போர்த்துக்கேயத்தின் ஃபோகு, ருமேனியத்தின் ஃபொக், எல்லாமே அந்த அடுப்படியிலிருந்து எழுந்தவை. பேரரசின் நெருப்பு அணைந்து, சமையல்கட்டின் நெருப்பு நின்றுவிட்டது. இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அந்த அடுப்பிலிருந்து இன்னும் எத்தனையோ சொற்கள் கிளம்பியிருக்கின்றன. எரிபொருள் என்ற பொருளில் வரும் ஆங்கில 'ஃபியூவல்' அங்கிருந்து வந்தது. திரையரங்குகளின் முன்மண்டபத்தை 'ஃபுவாயே' என்பார்கள், அதன் முதல் பொருள் கணப்பு அடுப்பு. அடுப்புச் சாம்பலில் சுட்ட ரொட்டிதான் இத்தாலியரின் ஃபோகாச்சா. ஏன், கமராவைச் சரிசெய்யும்போது சொல்கிறோமே, ஃபோகஸ், அது லத்தீன் அடுப்பேதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. 1604இல் பிராக் நகரில் இருந்த யோகான்னஸ் கெப்ளர் ஒளியியல் பற்றி எழுதிய நூலில், வளைகோடுகளுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கு ஒளியை மனதில் வைத்து அந்தப் பெயரை வைத்தார். வில்லைக் கண்ணாடியில் வெயிலைக் குவித்தால் எந்தப் புள்ளியில் காகிதம் பற்றுமோ அதை அடுப்பு என்று சொல்வது பொருத்தம்தானே. ஐந்து வருடம் கழித்து, 1609இல், கோள்கள் நீள்வட்டத்தில் ஓடுகின்றன, சூரியன் அதன் ஒரு குவியத்தில் இருக்கிறது என்று அவரே எழுதினார். பள்ளிக்கூடத்தில் 'குவியம்' என்று மனப்பாடம் செய்த வரி அது. லத்தீனில் வாசித்தால் சூரியன் அடுப்பில் இருக்கிறது.

இந்த இடத்தில் குசினியையும் சொல்லிவிட வேண்டும். இந்தியத் தமிழர் சிலருக்கு இந்தச் சொல் விளங்குவதில்லை. நாங்கள் சமையலறையைக் குசினி என்போம். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'கொசிஞா' அது. கைக்குட்டையை லேஞ்சி என்பதும் அவர்கள் கொடுத்ததே. கொசிஞாவின் தாய் லத்தீனின் 'கொகீனா'. பிரெஞ்சின் 'குயிசீன்' அதே தாயின் பிள்ளை, ஆங்கிலத்தின் 'கிச்சன்'கூட அதே. பரிஸுக்கு வந்த புதிதில் ஒரு சொல் பிரெஞ்சு தெரியாமல் வேலை தேடிப் போனபோது, முதலாளி 'குயிசீன்?' என்று கேட்டார். நான் 'குசினி' என்றேன். அவருக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. ஏன் விளங்கியது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, கேர்ஃபியூவுக்கு வருவோம். அது முதலில் ஒரு சட்டத்தின் பெயரா, ஒரு மணியின் பெயரா, ஒரு பாத்திரத்தின் பெயரா என்று கேட்டால் மூன்றும்தான். இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் 17ஆம் நூற்றாண்டின் பித்தளைக் கேர்ஃபியூக்களைக் காணலாம். ஒரு கோளத்தை நாலாக வெட்டினால் ஒரு துண்டு எப்படி இருக்குமோ அந்த வடிவம். மேலே கைபிடி. முகப்பில் பூவும் இலையும் தட்டி எழுப்பியிருப்பார்கள். இரவு படுக்கப் போகுமுன் தணலைக் கணப்பின் பின்சுவரோடு கூட்டி ஒதுக்கி, இந்த மூடியை அதன்மேல் தள்ளி வைப்பார்கள். தட்டையான பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கும் முந்தைய காலத்தில் மண்ணால் செய்த மூடிகள் இருந்தன, காற்றுக்குத் துளை விட்டு.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மம்மாவின் ஓட்டைச் சட்டி நினைவுக்கு வந்தது. கஞ்சி காய்ச்சியே அடி வெடித்துப்போன மண்சட்டி. எறியமாட்டார். இரவு சமையல் முடிந்ததும் எரிந்துகொண்டிருக்கும் விறகுகளை வெளியே இழுத்து மணலில் குத்தி அணைப்பார். மிஞ்சிய தணலை அகப்பைக் காம்பால் அடுப்பின் மூலைக்குக் கூட்டுவார். நடுவில் ஒரு துண்டுப் பொச்சுமட்டையைப் புதைத்து, மேலே சாம்பலைக் கையால் அள்ளித் தூவுவார், குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல. கடைசியில் அந்தச் சட்டியைக் கவிழ்ப்பார். அடியில் இருந்த வெடிப்பு வழியாக ஒரு நூல் புகை எழும்பும். அது நின்றபிறகுதான் விளக்கை நூர்ப்பார்.

கேர்ஃபியூவைப் பற்றி எழுதுகிற பலர் 'நெருப்பை அணைப்பதற்கான மணி' என்று எழுதிவிடுகிறார்கள். அணைக்கச் சொல்லும் சொல் அல்ல அது. அணைப்பதென்றால் ஒரு வாளி தண்ணீர் போதும், மூடி எதற்கு? மூடுவது இரண்டு வேலைக்காக. இரவில் பொறி பறந்து வீடு பற்றக் கூடாது. விடியும்போது நெருப்பு சாகாமலும் இருக்க வேண்டும். தீப்பெட்டி இல்லாத காலத்தில் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி நெருப்பு உண்டாக்குவது சின்ன வேலை அல்ல. நாளைக்கு வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கு மூடினார்கள். சொல்லைச் செய்தவர்கள் அதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

மணிக்கு வருகிறேன். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நோர்மன் அரசன் வில்லியம்தான் இரவு எட்டு மணிக்கு மணியடித்து அடுப்பை மூட வைத்தான், சனங்கள் இரவில் கூடிச் சதி செய்யாமல் இருக்க, என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. தோற்ற மக்கள் வென்றவனைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைபோல இருக்கிறது. இப்படி மாலை மணி அடிப்பது ஐரோப்பாவில் பல நகரங்களில் இருந்த வழக்கம். மரத்தாலும் வைக்கோலாலும் கட்டி நெருக்கிய ஊர்களில் அது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனாலும் சொல் நோர்மன் பிரெஞ்சுக்காரரோடு போய் இறங்கியது என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் வாயில் நெருப்பு 'ஃபூ'. அதனால்தான் ஆங்கிலத்தில் முடிவு 'ஃபியூ' என்று ஒலிக்கிறது.

ஒக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் இன்றும் ஒரு பெரிய மணி, கிரேட் டொம் என்று பெயர், ஒவ்வொரு இரவும் 9.05க்கு 101 தடவை அடிக்கிறது. பழைய காலத்தில் அங்கே இருந்த 101 மாணவர்களும் உள்ளே வந்துவிட வேண்டும் என்பதற்கான கணக்கு. ஏன் 9.05? ஒக்ஸ்போர்டில் சூரியன் கிரீனிச்சைவிட ஐந்து நிமிடம் பிந்தி உச்சிக்கு வரும். நாடு முழுக்க ஒரே நேரம் வந்த பிறகும் அந்த மணி தன்னுடைய பழைய ஒன்பது மணியிலேயே நிற்கிறது.

அடுப்பு எப்போது தெருவானது? அதை ஒரு சட்டத்தில் கண்டேன். 1285இல் முதலாம் எட்வர்ட் மன்னன் லண்டன் நகருக்குப் போட்ட சட்டம் அது. செயின்ட் மார்ட்டின் லெ கிராண்ட் ஆலயத்தில் கேர்ஃபியூ அடித்த பிறகு யாரும் தெருவில் அலையக் கூடாது, வாளோ கேடயமோ கொண்டு திரியக் கூடாது. விலக்கு யாருக்கு? பெரிய மனிதருக்கும், நல்ல பெயருள்ளவருக்கும், அவர்கள் அனுப்பிய தூதுவனுக்கும். அந்தத் தூதுவன் கையில் அனுமதி இருக்க வேண்டும், விளக்கும் இருக்க வேண்டும்.

இதை வாசித்தபோது என் சட்டைப்பையில் இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். 2020இல் இங்கேயும் வேலை முடிந்து 9 மணிக்குப் பிறகு வீடு திரும்பினால் முதலாளியின் முத்திரையிட்ட கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் 135 யூரோ தண்டம். எண்பதுகளில் ஊரில் 'பாஸ்' என்போம். 735 வருடத்தில் விளக்கு மட்டும்தான் கையைவிட்டுப் போயிருக்கிறது. பெரிய மனிதருக்கான விலக்கும் காகிதமும் அப்படியே இருக்கின்றன.

மூடி வைத்த நெருப்பின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 1666 செப்டம்பர் 2 அதிகாலை லண்டனில் புடிங் லேன் என்ற சந்தில் தோமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீ பிடித்தது. நாலு நாள் எரிந்தது. 13,200 வீடுகளும் 87 ஆலயங்களும் போயின. பின்னர் நடந்த விசாரணையில் ஃபாரினர் சொன்னார்: நள்ளிரவுக்குப் பிறகு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன், எங்கும் நெருப்பு இல்லை, செங்கல் பாவிய ஒரு அறையின் கணப்பில் மட்டும் இருந்தது, அதையும் கவனமாகத் தணலுக்குள் கூட்டி ஒதுக்கினேன். அந்த மனிதர் பொய் சொன்னாரோ உண்மை சொன்னாரோ, அவர் விவரிக்கிற வேலை கேர்ஃபியூ என்ற சொல்லின் நேர்ப்பொருள். நாம் 'நீறு பூத்த நெருப்பு' என்று சொல்லும்போது ஏன் குரலைத் தாழ்த்துகிறோம் என்பதற்கு லண்டனின் அந்தப் புடிங் லேனைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

கால ஓட்டத்தில் கணப்புகள் மாறின, நகரங்கள் கல்லாலும் செங்கல்லாலும் எழுந்தன, மணியின் முதல் வேலை மறந்துபோனது. 1751இல் தோமஸ் கிரே ஒரு கிராமத்து இடுகாட்டைப் பற்றி வெளியிட்ட கவிதை கேர்ஃபியூ மணியோசையோடுதான் தொடங்குகிறது. அங்கே அது மாடுகள் திரும்பும், உழவன் களைத்து வீட்டுக்கு நடக்கும் மாலையின் ஓசை. யாரையும் அது மிரட்டவில்லை. அதற்குப் பிறகுதான் மணி நின்று, உத்தரவு மட்டும் மிஞ்சியது. இராணுவங்களும் கவர்னர்களும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் போன இடமெல்லாம் கேர்ஃபியூவும் போனது, அடுப்பை வீட்டில் விட்டுவிட்டு.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தச் சொல் இன்னும் கொஞ்சம் கனமானது. எங்கள் குசினியில் பாத்திரம் கழுவும் பழைய தோழர் ஒருவர், அல்ஜீரியக் குடும்பம், அன்றிரவு கைபேசியை அணைத்துவிட்டு 'சனிக்கிழமை என்ன திகதி தெரியுமா?' என்று கேட்டார். ஒக்டோபர் 17. 1961 ஒக்டோபர் 5ஆம் திகதி பரிஸின் காவல்துறைத் தலைவராக இருந்த மொறிஸ் பப்போன், அல்ஜீரியத் தொழிலாளர்கள் இரவு 8.30 முதல் காலை 5.30 வரை தெருவில் நடமாட வேண்டாம் என்று கூவ்ர்-ஃபெ அறிவித்தார். அதை எதிர்த்து 17ஆம் திகதி அல்ஜீரியர்கள் குடும்பம் குடும்பமாக ஊர்வலம் வந்தார்கள். காவலர்கள் அடித்தார்கள், சுட்டார்கள், செய்ன் ஆற்றில் தூக்கி எறிந்தார்கள். செயின்ட் மிஷேல் பாலத்தடியில் 2001இல் வைத்த ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அடுத்த ஞாயிறு பகலில் போய்ப் பார்த்தேன். எத்தனையோ தடவை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன், அன்றுதான் நின்று வாசித்தேன்.

எங்கள் பக்கத்திலும் ஒரு திகதி இருக்கிறது. 1983 யூலை 25, திங்கட்கிழமை. கொழும்பில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்துகொண்டிருந்தபோது ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். என் மாமா அப்போது வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கேர்ஃபியூ போட்டாச்சு, இனி நெருப்பு நிற்கும் என்று அந்த வீட்டில் இருந்த எல்லோரும் நினைத்தார்களாம். நிற்கவில்லை. தமிழர்கள் வெளியே ஓட முடியாமல் உள்ளே இருந்தார்கள், கொளுத்துகிறவர்கள் தெருவில் இருந்தார்கள். நெருப்பை மூடு என்று பெயர் கொண்ட ஒரு சட்டத்தின் கீழே அந்த நகரம் எரிந்தது. மாமாவுக்குச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்த பிறகு அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

இலங்கையில் இந்த ஒரு சட்டத்துக்கு மூன்று மொழியில் மூன்று பெயர். ஆங்கிலத்தில் நெருப்பை மூடுதல். சிங்களத்தில் 'அந்திரி நீதிய', இருட்டுச் சட்டம். தமிழில் ஊரடங்கு. மூன்றில் எது அழகு என்று கேட்டால், தாய்மொழி என்பதால் மட்டும் சொல்லவில்லை, ஊரடங்கைத்தான் சொல்வேன். 'ஊர் அடங்கின பிறகு வா', 'ஊரடங்கும் சாமம்' என்று சாதாரணமாகப் பேசுகிறோமே, அதில் உத்தரவு போடுகிறவர் யாரும் கிடையாது. பிள்ளைகள் தூங்கி, நாய் சுருண்டு, கிணற்றுக் கப்பி ஓசை நின்று, ஊர் தானாக அடங்கும். அடங்குதல் நெருப்புக்கும் உரிய சொல். தீ அடங்கியது என்கிறோம். கோபம் அடங்கியது என்கிறோம்.

குறுந்தொகையின் ஆறாம் பாட்டில் பதுமனார் இதை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறார்.

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள்

நடுச்சாமம். சனங்கள் பேச்சு அவிந்து இனிதாக அடங்கிவிட்டார்கள். 'அவிதல்' விளக்கும் நெருப்பும் அணைவதற்கான பழைய சொல். பேச்சை ஒரு நெருப்பாகவே பார்த்திருக்கிறார் புலவர். அது அவிகிறது, ஊர் அடங்குகிறது, உலகமே துஞ்சுகிறது. ஒருத்தி மட்டும் தூங்காமல் கிடக்கிறாள். நோர்மன் அடுப்படியும் சங்கப் பாட்டும் ஒன்றையொன்று அறியாதவை. ஆனால் நெருப்பு தணிவதும் ஊர் தூங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதைக் கண்ணால் கண்ட சனங்கள் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்த 'இனிது' என்ற சொல்லைத்தான் பிறகு சட்டம் எடுத்துப்போட்டுவிட்டது.

1987 ஒக்டோபரில் எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊரில் இரவு பகலாக ஊரடங்கு. எத்தனை நாள் என்று இப்போது கணக்குத் தெரியவில்லை, பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்த கதைகளை எல்லாம் இரண்டு தடவை வாசித்து முடித்தேன் என்பது தெரியும். பகலில் கூரைக்கு மேலே புகை எழும்பினால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். அதனால் அம்மம்மா விடியுமுன் மூன்று மணிக்கே எழும்பி ஒரு நாளைக்கான கஞ்சியையும் காய்ச்சி, பகல் முழுக்க அடுப்பை மூடி வைத்தார். தீப்பெட்டியில் மிஞ்சியது ஏழோ எட்டோ குச்சி. கடைக்குப் போக வழியில்லை. அந்தக் குச்சிகளில் ஒன்றையும் அவர் தொடவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் குசினிக்குள் போய் அந்தச் சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். சாம்பல்தான் இருந்தது, வெள்ளையாக, ஆறிப்போனதுபோல. விரலை வைத்தேன். தோல் சுருங்கிவிட்டது. கத்தக் கூடாது என்பது தெரியும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மம்மா வந்து விரலைத் தண்ணீர்ச் செம்புக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏசவில்லை. மற்றக் கையால் சாம்பலைச் சரிசெய்து சட்டியைத் திரும்பக் கவிழ்த்தார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அம்மம்மா இரவில் நெருப்பை மூடுகிற அந்த வேலைக்கு ஏதாவது பெயர் சொல்லுவாரா என்று கேட்டேன்.

"மூடுறதெண்டு அம்மம்மா ஒருநாளும் சொல்லமாட்டா தம்பி," என்றார் அம்மா. "நெருப்பைப் படுக்க வைக்கிறதெண்டுதான் சொல்லுவா."

"ஏனம்மா அப்பிடி?"

"விடிய எழுப்ப வேணுமெல்லோ."